வரைவில் நிற்கும் ஜீப்

முதல் ஒன்றைத் தவிர என் கதைகளில் எதையும் நான் வெளியிட்டதில்லை. அவை என் வலைப்பூவில் என் பெயரில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது. ஆனால் எழுதி முடித்த கதையை வாசகர் முன் வைக்கும் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தியவர், கம்பத்தில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை வைத்திருந்த என் நண்பர். அவருடைய கதைகளுக்கு அதே பொத்தானை நான் அழுத்தினேன். இப்போது அவர் இல்லை. அவருடைய வலைப்பூவின் உள்ளே ஒரு கதை வரைவாக நிற்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. வெளியிடும் உரிமையும் என் ஒருவனுக்கே உரியது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கை. அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு பத்தி எழுதுவதே மேல்சட்டை இல்லாமல் வகுப்புக்குள் நுழைவதுபோல் இருந்தது. உத்தமபாளையத்தில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து முதல் கதையை எழுதி வலைப்பூவில் ஏற்றினேன். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதை நீக்கிவிட்டேன். மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "ஐயா, உங்கள் கதையில் தபால்காரர் மச்சுப்படி ஏறும் இடம்வரை வாசித்தேன். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கதையையே காணோம். அவர் மேலே போனாரா, இல்லையா?"

முன்பின் அறியாத ஒருவர் நான் கற்பனையில் செய்த தபால்காரரைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தார். எனக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. ஊர் எது என்று கேட்டு எழுதினேன். கம்பம் என்று பதில் வந்தது. அரை மணி நேரப் பேருந்துப் பயணம். அந்த வாரமே போனேன்.

சுருள் சுருளாகக் கறுப்புக் குழாய்கள் அடுக்கிய கடை. நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக அவர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கதையப் போட்டுட்டுத் திரும்ப எடுப்பாகளா சார்? மிட்டாயக் குடுத்துட்டு வாயில கைய விட்டுப் புடுங்குன மாதிரில்ல இருக்கு?"

"பயமா இருந்துச்சு பாய். நீங்க எழுதுறதில்லையா?"

"எழுதுறேன். போட மாட்டேன்." கைபேசியைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகக் கதைகள், எல்லாம் வரைவு. "பைப்பு வாங்க வர்ற சம்சாரி எவனாச்சும் படிச்சுப்புட்டு, ‘பாய், எங்க மோட்டார் கெணத்துல கெடக்கு, நீங்க கத எழுதிக்கிட்டு உக்காந்திருக்கீகளா’ன்னா நான் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைக்க?"

நான் போட்டுவிட்டு எடுப்பவன். அவர் போடவே மாட்டாதவர். அன்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். "சாவிய மாத்திக்கிருவோம் சார். ஒங்க வீட்டுக் கதவ நான் தொறந்து விடுறேன். எங்க வீட்டுக் கதவ நீங்க தொறந்து விடுங்க. அவுகவுக வீட்டு வாசல்ல அவுகவுக நின்னாத்தான கூச்சம்?"

கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டோம். எழுதுகிறவர் கதையை வரைவில் வைத்துவிட வேண்டும். மற்றவர் வாசிப்பார். சொல்ல ஏதாவது இருந்தால் தொலைபேசியில் சொல்லலாம், சண்டை போடலாம். ஆனால் எழுதியவரின் எழுத்தில் கை வைக்கக்கூடாது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக்கூடாது. வெளியிட்டபின் முதல் பின்னூட்டம் வெளியிட்டவருடையதாக இருக்க வேண்டும். பின்னூட்டம் ஏதுமற்ற கதைக்குக் கீழே இருக்கும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த விதியின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

என் கதைகளை அவர் வெள்ளிக்கிழமைகளில் வெளியிடுவார். ஜும்ஆ தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து மீண்டும் திறக்குமுன் கிடைக்கும் ஓய்வு அவருக்கு அதற்கென்றே உரியது. எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்குவார். அவருடைய பின்னூட்டங்கள் அந்த டீயைப் பற்றியவை. "டீ ஆறிப்போச்சு சார்" என்றால் கதை அவரைப் பிடித்துவிட்டது என்று பொருள். "பாதி குடிச்சேன்" என்றால் பாதி. "இன்னைக்கு டீ நல்ல சூடு, ருசியா இருந்துச்சு" என்று எழுதிவிட்டால் நான் அன்று சாப்பிடாமல் படுப்பேன். புதிதாக வந்த வாசகர் ஒருவர், "இந்தத் தளத்தில் ஏன் டீக்கடைக்காரர் விளம்பரம் செய்கிறார்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அதைப் பல மாதங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

என் பின்னூட்டங்கள் நீளமானவை. "சார், ஒங்க பின்னூட்டத்துக்கு நான் ஒரு பின்னூட்டம் போடணும் போலருக்கு" என்பார்.

எங்களோடு ஒரு டீச்சரும் சேர்ந்தார். மலையடிவாரத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். அங்குள்ள தேவாலயத்தின் பங்குப் பள்ளியில் வேலை. எங்கள் இருவரையும்விட நன்றாக எழுதுவார். எங்கள் சாவி மாற்றத்தில் மட்டும் அவர் சேரவில்லை. உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் மூவரும் சந்திக்கும் ஞாயிறு மாலைகளில் எங்களைக் கேலி செய்வார்.

"ரெண்டு பெரிய மனுசங்க, ஒருத்தர் வாயில ஒருத்தர் சோறு ஊட்டிக்கிட்டு. எனக்கு என் கையே போதும்ப்பா."

"டீச்சரு பூசைக்குப் போய்ச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பாவத்த எறக்கி வைக்கிறவுக. அவுகளுக்குப் பயமில்ல. எங்களுக்கு யாரு இருக்கா?" என்பார் பாய்.

என் மனைவி இறந்த பின் நீண்ட காலம் நான் எழுதவில்லை. அந்த நாட்களைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. பாயின் கதைகள் இரண்டு மூன்று வரைவில் இருந்தன. நான் வெளியிடப் போனபோது அவர் தடுத்துவிட்டார். "இருக்கட்டும் சார். நீங்க ஒண்ணு குடுத்தாத்தேன் என்னுதுல ஒண்ணப் போட விடுவேன்."

"நான் எழுதப் போறதில்ல பாய்."

"அப்ப எம் புள்ளைகளும் வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்."

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். என்னிடம் எதையாவது கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் கதைகள் வெளியே வர வேண்டுமே என்பதற்காக ஒரு சிறுகதை எழுதினேன். மிகச் சுமாரான கதை. வெள்ளிக்கிழமை அதன்கீழே, "டீ எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீக. நீங்க வந்துட்டீக, அது போதும்" என்று எழுதியிருந்தார்.

வரைவில் நிற்கும் கதையைப் பற்றி இனிச் சொல்லலாம். கூடலூரிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறுகின்றன. ஏலத் தோட்டங்களில் வேலை முடிந்ததும் மாலையில் இறக்கிக்கொண்டு வருகின்றன. பாயின் கதையில் அப்படி ஒரு ஜீப் ஓட்டுநர். ஒருநாள் மாலை வண்டியில் ஏற வேண்டிய பெண்களில் ஒருத்தி வரவில்லை. ஓட்டுநர் வண்டியை எடுக்க மறுக்கிறார். மற்ற பெண்கள் முணுமுணுக்கிறார்கள், பிறகு திட்டுகிறார்கள், பிறகு ஒவ்வொருத்தியாக அவளைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள். மழை தூறுகிறது. அந்த இடம்வரை எழுதி அவர் நின்றுவிட்டார். அவர் எழுதியவற்றில் அதுதான் உச்சம் என்று அன்றும் நினைத்தேன்; இன்றும் மாற்றமில்லை.

"இங்கயே முடிச்சிருங்க பாய். அவ வர வேண்டியதில்ல. வண்டி நிக்கிறதே முடிவு" என்றேன்.

"அதெப்புடி சார்? காலையில ஏத்திட்டுப் போன பொம்பளைய எறக்கி விடாம கதைய எப்புடி முடிக்கிறது? அவ வீட்டுல அடுப்பு பத்த வைக்கணும்ல?"

"சரி, எப்படி வருவா?"

"அதத்தேன் ரோசிக்கிறேன். சும்மா வந்து ஏறுனா நம்ப மாட்டாக. அழுதுக்கிட்டு வந்தா சினிமா மாதிரி ஆயிரும்."

ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்தப் பெண் எங்கள் பேச்சில் இருந்தாள். பேக்கரியில் உட்கார்ந்ததும் டீச்சர் கேட்பார்: "என்ன பாய், வந்துட்டாளா?" பாய் தலையை ஆட்டுவார். "இல்ல டீச்சர். இன்னும் மழ விடல."

பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. உடல் பாதியாயிற்று. மதுரையில் ஒரு மருத்துவமனையில் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள். அறுவை செய்யும் நிலை கடந்துவிட்டது என்றும் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைபேசியை மகள் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள் என்று புகார் சொன்னார்.

"கண்ணு வலிக்கும்னு புடுங்கிட்டா சார். கண்ணா இப்ப எனக்கு வலிக்கிது?"

சரிந்திருந்த தலையணையை நிமிர்த்தி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. நான் பாட்டுக்குப் போயிட்டேன்னு வைங்க. அவள அங்கன மலையில விட்டுட்டுப் பட்டன அமுக்கிப்புடாதீக."

"நீங்க வந்து முடிப்பீங்க பாய்."

"முடிப்பேன். முடிக்காட்டி?" என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சேத்து எழுதவும் கூடாது. விதி விதிதேன். அதோட ஒங்க வரி பளிச்சுன்னு தெரிஞ்சுபோகும். அவ இலக்கணமா நடந்து வந்து ஏறுவா."

சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. செவிலி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். கதவருகே நான் திரும்பிப் பார்த்தபோது, "நீங்க என்ன எழுதுறீக?" என்று கேட்டார். ஒரு கதை முடிந்திருக்கிறது, குணமாகி வந்து பார்க்கலாம் என்றேன். "வரைவுல வைங்க" என்றார். வீட்டுக்கு வந்து வைத்தேன். வைப்பது வழக்கம் என்பதால் வைத்தேன்; அவர் திறப்பார் என்று எண்ணி வைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மகள் அழைத்தாள். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் கபர்ஸ்தானில் அடக்கம் செய்தார்கள். பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிச் சென்றவர்கள் எனக்கும் ஓரிடத்தில் தோள் கொடுக்க வழிவிட்டார்கள். எல்லோரும் செய்ததுபோல் நானும் மூன்று கைப்பிடி மண் தள்ளினேன். பேருந்தில் திரும்பும்போது நகக்கண்ணில் ஈர மண் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இருந்தது.

"என்ன சார் இது? பாய மண்ணுல வச்சு ஈரம் காயல. அதுக்குள்ள ஒங்களுக்குக் கத போடணுமா?"

"என்ன கதை? நான் எதுவும் போடல டீச்சர்."

"ஒங்க வலைப்பூவுலதான இருக்கு. இப்பத்தான் வந்திருக்கு, பாருங்க."

கணினியைத் திறந்தேன். நான் வரைவில் வைத்த கதை வெளியாகியிருந்தது. ஜும்ஆ முடிந்து கடை திறப்பதற்கு முன்னான அந்த நேரம். கதைக்குக் கீழே பின்னூட்டம் எதுவும் இல்லை.

"சார்? லைன்ல இருக்கீகளா? நீங்க போடலேன்னா பின்ன யாரு போட்டா?" என்று கேட்ட டீச்சர், கேட்டு முடிக்கும்போதே விடையை உணர்ந்திருக்க வேண்டும். பிறகு அவர், "நேத்துப் பூசையில பாயோட ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லி எழுதிக் குடுத்தேன். பேரப் படிச்சுட்டுச் சாமியார் ஒரு நிமிசம் என்னயப் பாத்தாரு. அப்புறம் சத்தமாவே வாசிச்சாரு" என்றார்.

கம்பத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி இத்தா இருந்தார். கணவரை இழந்த பெண் அந்தக் கெடு முடியும்வரை அந்நிய ஆண்கள் முன்னே வருவதில்லை. முன்னறையில் நான் உட்கார்ந்தேன். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. மகள் நடுவில் நின்று இருபக்கமும் பேசினாள்.

கதை வெளியானதைப் பற்றி நான் கேட்குமுன் அவளே சொன்னாள்.

"அத்தாதேன் சார் செஞ்சாக. போறதுக்கு மூணு நாளைக்கு முந்தி. கண்ணு தெளிவாத் தெரியலன்னு என்னய வாசிக்கச் சொன்னாக. நான் முழுசும் வாசிச்சேன். அப்புறம், ‘அடுத்த வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு அப்புறம் வர்ற மாதிரி நேரத்தக் குறிச்சு வையி, அன்னைக்கு நமக்கு எப்புடி இருக்குமோ தெரியாது’ன்னாக. குறிச்சு வச்சேன். நடந்த களேபரத்துல ஒங்களுக்குச் சொல்ல மறந்துபோச்சு."

"கதையப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல சார்." சற்று யோசித்தாள். "ஆனா வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தி, கேன்டீன்ல ஒரு டீ வாங்கியாரச் சொன்னாக. தண்ணியே எறங்காத ஆளு. ‘எதுக்கு அத்தா டீ, டாக்டர் வைவாரு’ன்னேன். ‘குடிக்க மாட்டேன், சும்மா வையி’ன்னாக. பக்கத்துல ஸ்டூல்ல வச்சுக்கிட்டேதேன் கேட்டாக. முடிஞ்சதும் டம்ளரத் தொட்டுப் பாத்தாக. தொட்டுப் பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டாக."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் தூசி எதுவும் இல்லை.

உள்ளிருந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லப்பட்டது. மகள் திரும்பினாள். "அம்மா கேக்குறாக. அத்தா கடைசியா எழுதுன கதையும் ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாகளாம். அதப் போட்டுருங்க சார், நாலு பேரு படிக்கட்டும்ங்கிறாக."

எந்தப் பக்கமும் நகர முடியாத இடத்தில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியிட்டால் அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டதை மீறுவதாகும். முடிவை எழுதிச் சேர்த்தால் எங்கள் விதியை மீறுவதாகும். எதுவும் செய்யாவிட்டால், கணவனின் எழுத்தை நால்வர் படிக்கட்டும் என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும் பெண்ணுக்கு இல்லையென்று சொல்வதாகும். அவர் தம் கணவருடைய கதைகளில் ஒன்றையும் படித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டில் காட்ட பாய்க்குக் கூச்சம்.

என் கைபேசியில் அந்த வரைவைத் திறந்து மகளிடம் கொடுத்தேன். "அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்மா. அதுக்கப்புறம் பேசலாம்."

அவள் திரைக்குள் போனாள். வெளியே இருந்து நான் கேட்டேன். தந்தையின் எழுத்து மகளின் குரலில் வந்தது. விடியல், ஜீப், தூக்குச்சட்டிகள், ஏலக்காய் வாசம் ஏறிய முந்தானைகள். மாலை. வராத ஒருத்தி. பெண்களின் வசவைக் கேட்டு உள்ளே மெல்லச் சிரிப்பு எழுந்தது. இழவு வீட்டில் எழுந்த அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். மழை தூறும் இடம் வந்தது. மகளின் குரல் நின்றது.

பிறகு பாயின் மனைவியின் குரல் முதன்முறையாக எனக்கே கேட்கும்படி வந்தது. "அந்தப் பொம்பள வந்துட்டாளா இல்லையா?"

மகள் திரையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"அவரு எழுதலம்மா" என்றேன். பிறகு மருத்துவமனையில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவளை மலையில் விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் சேர்த்து எழுதவும் கூடாது.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு பதில் வந்தது.

"அப்ப வண்டிய எடுக்க வேணாம்னு சார்கிட்டச் சொல்லு. ஜீப்பு நிக்கட்டும்."

டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "நீங்க ஒரு வரிய எழுதிப் போட்டிருந்தா அந்த அம்மாவுக்கு ஆறுதலா இருந்திருக்கும் சார்" என்றார். அப்படியும் இருக்கலாம். என் வலைப்பூவின் கடவுச்சொல்லை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் இப்போது எழுதும் இதை வெளியிடப் போவதும் அவர்தான். ஆனால் முதல் பின்னூட்டம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இடம் சில நாள் வெறுமையாக இருக்கட்டும்.

சென்ற வாரம் ஒரு வேலையாகக் கூடலூர் போயிருந்தேன். திரும்பும் பேருந்துக்காக நின்றபோது மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கத் தொடங்கின. பெண்கள் தூக்குச்சட்டியோடு குதித்து இறங்கி, ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டு கலைந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது, ஒருத்தி நின்று, "யாரத் தேடுறீக?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

"தெரிஞ்சவுக ஒருத்தர் வரணும்மா" என்றேன்.

"பின்னாடி இன்னும் வண்டி வருது" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். என் பேருந்து வந்தது. நான் ஏறவில்லை, அடுத்த வண்டியும் இறங்கட்டும் என்று நின்றேன்.